அதிபர் கொழும்புக்குப் போனால் திறப்பு யாரிடம்?

கேள்வி: வன்னியில், துணுக்காய் கல்வி வலயத்தில் ஒரு சிறிய பாடசாலையின் அதிபர் நான். என்னோடு சேர்த்து ஆசிரியர்கள் ஒன்பது பேர். கொழும்பில் நடக்கும் மூன்று நாள் அதிபர் மாநாட்டுக்கு என் பெயர் வந்திருக்கிறது. "சேர் உலாத்தப் போறார்" என்று ஓய்வறையில் கதை. நான் போனால் தரம் 10, 11 கணிதமும் நின்றுவிடும். போகத்தான் வேண்டுமா?
– பெயர் வேண்டாம், மல்லாவி

பதில்: போங்கள், சேர். உங்கள் கேள்வியில் ஓய்வறைக் கதை முதலில் வருகிறது, கணிதம் அதற்குப் பிறகுதான் வருகிறது. உங்களைக் கடிப்பது எது என்று வாசிப்பவருக்கு விளங்கும்.

அந்தக் கதையில் நியாயம் இல்லாமலும் இல்லை. 2009க்குப் பிறகு மீள்குடியேறிய வன்னியில் பட்டறை, செயலமர்வு, கருத்தரங்கு என்று எத்தனை கண்டுவிட்டோம்! பிள்ளைகள் தறப்பாளுக்குக் கீழே இருந்து படித்த காலத்திலேயே எங்களுக்குத் தலைமைத்துவம் படிப்பிக்க வந்தவர்கள் உண்டு. இன்றைக்கும் என் வீட்டுக் குசினியில் ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர் அழிந்த பை தொங்குகிறது. மரக்கறி வாங்க நல்ல பை. அதற்குள் வந்த கையேட்டைத்தான் காணவில்லை. போனவர்கள் பையோடு வந்தார்கள், ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. உங்கள் ஆசிரியர்கள் கண்டது அதைத்தான்.

ஆகவே நீங்கள் ஒன்றைக் கொண்டுபோங்கள்: உங்கள் பாடசாலையின் நேரசூசி. எந்தப் பாடவேளை ஆளில்லாமல் கிடக்கிறது, யாழ்ப்பாணத்திலிருந்து வந்துபோகும் ஆசிரியருக்கு பஸ் பிந்தினால் முதற் பாடவேளைக்கு என்ன நடக்கிறது, தரம் 3ஐயும் 4ஐயும் ஒருவரே எப்படிச் சமாளிக்கிறார், எல்லாவற்றையும் சிவப்புப் பேனாவால் குறியுங்கள். மேடையில் ஒருவர் மாற்றத்தின் தலைமை என்று படம் போட்டுக் காட்டுவார். காட்டட்டும். கேள்வி நேரத்தில் எழுந்து நின்று, இந்தத் தாளை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று கேளுங்கள். சிங்களமோ ஆங்கிலமோ வராவிட்டால் தமிழிலேயே கேளுங்கள். மொழிபெயர்ப்பது ஏற்பாட்டாளரின் வேலை.

முன்வரிசையில் மத்திய கல்வி அமைச்சின் கீழுள்ள தேசிய பாடசாலைக்காரர் இருப்பார்கள். அனுமதிக்கு வரும் கூட்டத்தை எப்படிச் சமாளிப்பது என்பது அவர்கள் கவலை. அடுத்த வருடம் தரம் 1க்குப் பிள்ளை வருமா என்பது உங்கள் கவலை. தேத்தண்ணி நேரத்தில் மொனராகலைக்காரர் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். யானை, குறைந்த பஸ், பழகி முடிய முதலே இடமாற்றத்தில் போய்விடும் ஆசிரியர் என்று உங்கள் கதையையே அவர் சிங்களத்தில் சொல்லுவார். அவருடைய கைபேசி இலக்கம் அந்த மூன்று நாளின் பெரிய வரவாக இருக்கலாம்.

கணிதம் எடுக்கும் அதிபர் என்று கூசவும் வேண்டாம். 2015இல் அனைத்துலக அதிபர்கள் கூட்டமைப்பு தன் மாநாட்டைப் பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியில் வைத்தது. பின்லாந்தைப் புகழாத கல்வி மேடை எங்களிடமும் இல்லை. ஆனால் அங்கே சிறிய பாடசாலை அதிபர்களும் வகுப்பெடுக்கிறார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. நீங்கள் தவறவிடும் பாடவேளைகளில் பாதியையாவது போவதற்கு முந்திய கிழமையே கூட்டி எடுத்துவிடலாம்.

இனித்தான் எனக்குக் கோபம் வரும் இடம். நீங்கள் இல்லாத நாட்களில் அதிபர் வேலையைப் பார்க்கும் பதில் கடமையை ஓர் ஆசிரியருக்கு எழுத்தில் கொடுங்கள். "கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கோ" என்று வாயால் சொல்லிவிட்டுப் போனால் ஒருவரும் பொறுப்பில்லை. சத்துணவுக் கணக்கு, வரவு இடாப்பு, சம்பவத்திரட்டுப் புத்தகம், அலுமாரித் திறப்பு எல்லாம் அவர் கையில் இருக்க வேண்டும். ஒரு திறப்பும் உங்கள் காற்சட்டைப் பைக்குள் கொழும்புக்குப் போகக் கூடாது. "இன்று 12 மணிக்குள் அனுப்பவும்" என்று வாட்ஸ்அப்பில் வரும் படிவம் மாநாட்டு நாளிலும் வரும். அதையும் அவரே நிரப்பட்டும். நீங்கள் மூன்று நாள் இல்லாவிட்டால் பாடசாலை நின்றுவிடும் என்றால், இத்தனை நாளும் நீங்கள் ஒருவரையும் பழக்கவில்லை என்று அர்த்தம்.

மாங்குளத்தில் வந்து இறங்கிய மறுநாள் அதே ஓய்வறையில் அரை மணி நேரம் இருங்கள். யாரிடம் என்ன கேட்டீர்கள், என்ன பதில் வந்தது, எதற்குப் பதிலே வரவில்லை என்று சொல்லுங்கள். மாநாட்டுப் பையை, உலாத்தப் போறார் என்று சொன்னவரிடமே கொடுத்துவிடுங்கள். அவருக்கும் மரக்கறி வாங்கப் பை வேண்டும்தானே.