வரிசைமாற்றங்களை அகராதி வரிசையில் பெறுவது எப்படி? – கேள்வி பதில்

கேள்வி: சி பிளஸ் பிளஸ் நிரல்மொழியில், அடுத்த வரிசைமாற்றத்தைத் தரும் நெக்ஸ்ட்_பெர்மியுடேஷன் என்ற செயற்கூறிடம் 3, 1, 2 கொடுத்தேன். ஆறு வரிசைகளை எதிர்பார்த்தேன்; இரண்டே வந்தன.

பதில்: அது கையிலுள்ள வரிசைக்கு அகராதி வரிசையில் (சிறியது முதலில், பெரியது பின்னர்) அடுத்ததை மட்டுமே தரும். 312-க்குப் பின் மிச்சம் இருப்பது 321 ஒன்றுதான். முதலில் சார்ட் செய்துவிட்டு (ஏறுவரிசையில் அடுக்கிவிட்டு), வேலையை முதலில் செய்து நிபந்தனையைப் பின்பு பார்க்கும் டூ-வைல் சுழற்சியில் ஓடவிடுங்கள். வெறும் வைல் போட்டால் முதல் வரிசை தவறிவிடும்.

கேள்வி: அடுத்ததை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பதில்: 1 3 5 4 2 என்பதை வலமிருந்து படியுங்கள். 2, 4, 5 என ஏறி, 3-இல் இறங்குகிறது. மாற வேண்டியது அந்த 3. அதன் வலப்புறத்தில் அதைவிடப் பெரியவற்றுள் சிறியது 4. இரண்டையும் இடம் மாற்றினால் 1 4 5 3 2. இனி 4-க்குப் பின்னுள்ள வாலைத் திருப்பிப் போட்டால் 1 4 2 3 5. இம்முறை 14ஆம் நூற்றாண்டின் இந்தியக் கணித அறிஞர் நாராயண பண்டிதர் வரை பின்னோக்கிச் செல்கிறது. இதை வகுப்பில் சொல்லித்தர வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி: பைத்தானில் 1, 1, 2 கொடுத்தால் ஒரே வரிசை இருமுறை வருகிறதே?

பதில்: வரிசைமாற்றங்களைத் தரும் பைத்தானின் இட்டர்டூல்ஸ் தொகுதி மதிப்பைப் பார்ப்பதில்லை, இடத்தைப் பார்க்கிறது. அதனால் 112, 121, 112, 121, 211, 211 என்று வரும். அகராதி வரிசையும் குலைந்திருப்பதைக் கவனியுங்கள். நெக்ஸ்ட்_பெர்மியுடேஷன் மதிப்பை ஒப்பிடுவதால் மூன்றே தரும்.

கேள்வி: 0 முதல் 9 வரையுள்ள இலக்கங்களின் பத்து லட்சமாவது வரிசை வேண்டும்.

பதில்: ஒவ்வொன்றாக எண்ண வேண்டாம். 0-இல் தொடங்குபவை 9! (9×8×…×1), அதாவது 3,62,880. 1-இல் தொடங்குபவையும் அவ்வளவே. இரண்டும் சேர்ந்து 7,25,760 ஆகிவிட்டதால் முதல் இலக்கம் 2. மீதிக்கு 8!, 7! என்று தொடருங்கள். விடை 2783915460.

கேள்வி: 'தம்பி' என்ற சொல்லைக் கொடுத்தால் 120 வரிசைகள் வருகின்றன, புள்ளியில் தொடங்குபவைகூட இருக்கின்றன!

பதில்: நமக்கு மூன்று எழுத்து, கணினி எழுத்துகளைக் குறிக்கும் முறையான யூனிகோடில் த, ம, புள்ளி, ப, இகரக்குறி என ஐந்து குறியீடுகள். பைத்தான் அந்த ஐந்தையும் கலைத்துப்போடுகிறது. ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் நிரல் நூலகத்தின் கெட்_லெட்டர்ஸ் கொண்டு முதலில் எழுத்துகளாகப் பிரியுங்கள். ஆனால் நேராக சார்ட் செய்துவிடாதீர்கள். யூனிகோடில் ந-வை அடுத்து ன, ர-வை அடுத்து ற வருகின்றன. ழகரம் ளகரத்துக்குப் பின்னால் நிற்கிறது. நம் நெடுங்கணக்கு அப்படியன்று. ஆகவே நெடுங்கணக்குப்படி ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணை வைத்து அடுக்கி, பட்டியலாக இட்டர்டூல்ஸிடம் கொடுங்கள். எழுத்து எதுவும் இருமுறை வராத சொல்லாக இருந்தால், இடத்தைப் பார்க்கும் அதன் இயல்பே இங்கு நமக்குச் சாதகம்: த, பி, ம் என்று கொடுத்தால் ஆறு வரிசைகளும் தமிழ் அகராதியின் ஒழுங்கிலேயே வரும்.