நானூறு பேரிடம் படிவம் நீட்டத்தான் பாங்காக் போக வேண்டுமா?

அன்புள்ள ஐயா,

"ஆஸ்பத்திரில நல்லாப் பாத்துக்கறாங்களான்னு கேட்டு எழுதறதுக்கு மூணு வருசமுங்களா? அதும் பாங்காக் போயிங்களா?" என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். மகளிடம் இதையே கோபமாகக் கேட்டுவிட்டு, இரண்டு நாளாக வீட்டில் பேச்சில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அதை நீங்கள்தான் சரி செய்துகொள்ள வேண்டும். மருத்துவமனைச் சேவை பற்றி மகள் பாங்காக்கில் செய்ய நினைக்கும் ஆய்வுப் படிப்பைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

திருப்பூரில் இருபது வருடமாக ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுக்கிறீர்கள். நெடுநாள் பார்ட்டி ஒருவர் திடீரென்று பக்கத்து யூனிட்டுக்குப் போய்விட்டால் தூக்கம் வருமா? ரேட் கூடிவிட்டதா, டெலிவரி தள்ளிப்போனதா, நம் பையன் போனில் சிடுசிடுத்தானா என்று மனம் கணக்குப் போடும் அல்லவா? அந்தக் கணக்கை ஊகத்தில் விடாமல் அளந்து பார்க்கும் சேவைத் தர ஆய்வுதான் உங்கள் மகள் எடுத்திருக்கும் துறை. இதற்கு அடித்தளம் போட்ட மூவரில் முதல் பெயர் பரசுராமன், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். சைதாமல், பெரி என்ற இருவரோடு சேர்ந்து 1988இல் அவர் வெளியிட்ட அளவுகோலுக்கு சர்வ்குவால் என்று பெயர். 22 வாக்கியங்கள். எதிர்பார்த்தது எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு, நடுவில் விழும் இடைவெளி எவ்வளவு என்று பார்ப்பார்கள். எதிர்பார்ப்பைக் கேட்கவே வேண்டாம், கிடைத்ததை மட்டும் கேட்டால் போதும் என்று 1992இல் க்ரோனின், டெய்லர் இருவரும் மறுத்து எழுதினார்கள். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

சரி, தாய்லாந்து எதற்கு? அதுவரை பிடித்து வைத்திருந்த பாட் நாணயத்தின் மதிப்பை 1997 ஜூலை 2ஆம் தேதி சந்தைப் போக்குக்கு மிதக்க விட்டார்கள். அதன் மதிப்பு சரிந்தது. நல்ல காலம் நீடிக்கும் என்று நம்பி, வெளிநாட்டுக் கடனில் கட்டடம் எழுப்பியிருந்த தனியார் மருத்துவமனைகள் மாட்டிக்கொண்டன. உள்ளூர் நடுத்தரக் குடும்பங்கள் அரசு மருத்துவமனைக்குத் திரும்ப, படுக்கைகள் காலியாயின. அப்போதுதான் அவர்கள் வெளிநாட்டு நோயாளிகளை முழு மூச்சாகத் தேடினார்கள். பாங்காக்கின் பும்ருங்ராட் மருத்துவமனை 2002இல் ஜே.சி.ஐ. என்ற சர்வதேசத் தரச் சான்று பெற்றது. மொழிபெயர்ப்பாளர்கள், விமான நிலையத்தில் வரவேற்பு, ஹோட்டல் போன்ற முகப்பு எல்லாம் அந்த நெருக்கடியைத் தொடர்ந்து வளர்ந்தவை. ஆர்டர் நின்றுபோன யூனிட் புது பையரைத் தேடி அலைவது உங்களுக்குத் தெரியாததா?

இது பலரும் எழுதிய பக்கம். என்னைக் கேட்டால் சரக்கு மறுபக்கத்தில்தான் இருக்கிறது. அதே 2002இல் அந்த நாட்டு அரசு 30 பாட் மருத்துவத் திட்டத்தை நாடு முழுவதும் கொண்டுவந்தது. ஒரு தடவைக்கு 30 பாட் கட்டினால் சிகிச்சை. ஆனால் பெயரைப் பதிந்திருக்கும் மருத்துவமனைக்குத்தான் முதலில் போக வேண்டியிருந்தது. அங்கே போய் "மறுபடியும் இந்த மருத்துவமனையைத் தேர்ந்தெடுப்பீர்களா?" என்று கேட்டால் என்ன அர்த்தம்? ஊருக்கு ஒரே ரேஷன் கடை இருக்கும்போது கடைக்காரர் மேல் விசுவாசம் உண்டா என்று கேட்பதைப் போன்றது. இப்படிக் கேட்டு எழுதிய ஆய்வுகளை நானே புரட்டியிருக்கிறேன். 2024 ஜனவரியில் நிலைமை மாறத் தொடங்கியது. ஃபிரே, ரோய் எட், பெட்சபுரி, நராதிவாட் என்ற நான்கு மாகாணங்களில், அடையாள அட்டையைக் காட்டி, திட்டத்தில் சேர்ந்த எந்த இடத்திலும் சிகிச்சை பெறலாம் என்று ஆரம்பித்தார்கள். பிறகு விரிவுபடுத்தினார்கள். இத்தனை வருடம் தேர்வே இல்லாதவர்களுக்குத் தேர்வு கிடைத்தால் எங்கே போவார்கள்? பக்கத்தில் இருப்பதற்கா, கூட்டம் குறைவானதற்கா, பழகிய டாக்டரிடமேவா? மூன்று வருடம் செலவழிக்கத் தகுந்த கேள்வி இது. உங்கள் மகள் தலைப்பில் சேவைத் தரம், வாடிக்கையாளர் தேர்வு, புதுமை என்று மூன்றையும் அடுக்கியிருக்கிறார். புதுமையை நம்பிய பொருளாதாரம் வேண்டும் என்று 'தாய்லாந்து 4.0' என்ற பெயரில் அரசு பேசத் தொடங்கியபின் 'புதுமை' என்ற சொல் தலைப்புகளில் கறிவேப்பிலை மாதிரி தூவப்படுகிறது. நடுவில் இருக்கும் தேர்வை மட்டும் இறுகப் பிடிக்கச் சொல்லுங்கள்.

இனி என் கவலைக்கு வருகிறேன். தாய்லாந்தில் எழுதப்படும் மேலாண்மை ஆய்வேடுகளில் நானூறு என்ற எண் திரும்பத் திரும்ப வரும். எத்தனை பேரிடம் கேட்டால் போதும் என்று சொல்லும் யமானே என்பவரின் சூத்திரம் ஒன்று இருக்கிறது. ஐந்து சதவீதப் பிழைக்கு இடம் கொடுத்தால், மக்கள்தொகை எவ்வளவு பெரிதானாலும் விடை நானூறைத் தாண்டாது. ஆகவே நானூறு படிவம், ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண், கணினியில் ஒரு வரைபடம், முடிவில் 'சேவைத் தரம் திருப்தியைக் கூட்டுகிறது'. இதைக் கண்டுபிடிக்க ஆய்வா வேண்டும்? அந்த நானூறு பேரும் யார் என்று பார்த்தால், மாலில் கண்ணில் பட்டவர்கள், அல்லது இணையப் படிவத்தை நிரப்பிய நண்பர்களின் நண்பர்கள். உங்கள் தொழிலில், குறையுள்ள பீஸ் எவ்வளவு வரை ஏற்கலாம் என்பதற்கு ஏ.க்யூ.எல். 2.5 என்று அளவு வைத்து இன்ஸ்பெக்ஷன் செய்கிறார்கள். எத்தனை பீஸ் எடுக்க வேண்டும் என்று அட்டவணை சொல்லும். வந்தவர் அத்தனையையும் ஒரே பெட்டியின் மேலடுக்கிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு 'பாஸ்' போட்டால்? எண்ணிக்கை சரிதான், சோதனை தவறு.

இதோடு அந்த மண்ணுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. 'க்ரெங் ஜாய்' என்பார்கள். எதிரில் இருப்பவருக்குச் சங்கடம் தரக்கூடாது என்ற தயக்கம். கல்யாண வீட்டில் பந்தியிலிருந்து எழுந்து வருபவரிடம் "சாப்பாடு எப்படிங்க?" என்றால் சாம்பாரில் உப்பில்லை என்று யார் சொல்வார்? படிவம் நீட்டும் பெண் சிரித்தபடி எதிரிலேயே நின்றால் ஐந்துக்கு நாலு விழும். அதனால்தான், வாயால் சொன்னதோடு நிற்காமல் மக்கள் உண்மையில் என்ன செய்தார்கள் என்பதற்கான பதிவையும் தேட வேண்டும். மறுபடி வந்தார்களா, பாதியில் எழுந்து போனார்களா, எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள்? வங்கித் துறையில் இது ஓரளவு எளிது. 2017இல் போன் எண்ணை வைத்தே பணம் அனுப்பும் பிராம்ப்ட்பே வந்தது. 2018 மார்ச்சில் பெரிய வங்கிகள் செயலி வழிப் பணமாற்றக் கட்டணத்தை வரிசையாக நீக்கின. அதன்பின் பணம் அனுப்ப எந்த வங்கி மலிவு என்ற பேச்சே இல்லை. சம்பள நாளில் யாருடைய செயலி முடங்காமல் ஓடுகிறது என்பதுதான் பேச்சு. எந்த வங்கியின் சேவை எத்தனை மணி நேரம் நின்றது என்பதை அந்நாட்டு மத்திய வங்கியே வெளியிடுகிறது. மருத்துவமனையில் அனுமதி வாங்காமல் ஒரு தாளும் கிடைக்காது.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஆலோசனை கேட்டுப் போன ஒரு மாணவர் இதில்தான் கவிழ்ந்தார். தப்பு என்னுடையதும்தான். கட்டணம், விசா, விடுதி எல்லாம் விசாரித்துக் கொடுத்த நான், தரவு எங்கிருந்து வரும் என்று கேட்கவில்லை. நோயாளிகளிடம் ஆய்வு செய்ய அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்கே ஒன்றரை வருடம் காத்திருந்தார். கடைசியில் உடன் படித்தவர்களிடம் படிவம் நிரப்பி வாங்கி முடித்தார். பட்டம் வந்தது. நேர்முகத் தேர்வில் "நீங்க என்ன கண்டுபிடிச்சீங்க?" என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை.

ஆகவே முன்பணம் கட்டுமுன் உங்கள் மகள் தன் ஆய்வுக்கு வழிகாட்டப்போகும் பேராசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதட்டும். தரவு தர எந்த மருத்துவமனை இசைந்திருக்கிறது? தாய்லாந்து மொழியில் கேள்விகளை மாற்றி, வேறொருவரை வைத்துத் திரும்ப ஆங்கிலமாக்கிச் சரிபார்ப்பது யார்? கடைசியாக முடித்த மூன்று மாணவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள்? பதில் மழுப்பலாக வந்தால் இடம் எவ்வளவு பெயர் பெற்றதானாலும் யோசியுங்கள். முழுக்க ஆங்கிலத்திலேயே நடக்கும் ஏ.ஐ.டி. என்ற ஆசியத் தொழில்நுட்பக் கழகம் பாங்காக்கை அடுத்த பதும் தானியில் இருக்கிறது, 1959இல் தொடங்கியது. அதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். "மூன்று மாதத்தில் ஸ்கோபஸ் (ஆய்விதழ்களின் தரவுப் பட்டியல்) கட்டுரை, இவ்வளவு பணம்" என்று வாட்ஸ்ஆப்பில் வருபவர்களுக்குப் பதிலே போட வேண்டாம்.

வேலை? அங்கேயே தங்கிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். சாதாரண நிறுவனம் ஒன்று வெளிநாட்டவர் ஒருவரை வேலைக்கு வைக்க, தாய்லாந்துக்காரர் நால்வரை வைத்திருக்க வேண்டும், இருபது லட்சம் பாட் மூலதனமும் காட்ட வேண்டும். முதலீட்டு வாரியத்தின் சலுகை பெற்ற நிறுவனங்களுக்குத் தளர்வு உண்டு. தாய்லாந்து மொழி பேசவும் படிக்கவும் வந்தால் கதவு கொஞ்சம் திறக்கும். அதனால் போன முதல் மாதமே மொழி வகுப்பில் சேரட்டும். ஆய்வுக்கும் அது பாதி பலம். திரும்பி வந்தால், வெளிநாட்டு நோயாளிகளுக்கென்று தனிப் பிரிவு நடத்தும் சென்னை மருத்துவமனைகள், வங்கிகளின் வாடிக்கையாளர் அனுபவப் பிரிவுகள், சந்தை ஆய்வு நிறுவனங்கள் எல்லாம் இவரைப் போன்றவர்களை எடுக்கின்றன. அங்கே பட்டத்தின் பெயரைவிட, கலைந்து கிடக்கும் தரவிலிருந்து உபயோகமாக ஒன்றைச் சொல்லத் தெரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். கல்லூரி ஆசிரியர் வேலைதான் குறி என்றால், அந்தப் பல்கலைக்கழகப் பட்டத்துக்கு இங்கே சமநிலைச் சான்று கிடைக்குமா என்பதைச் சேர்வதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சேர்ந்தபிறகு கேட்டால் பணமும் போகும், வருடமும் போகும்.

பின்குறிப்பாக உங்கள் மனைவி எழுதியிருந்த சாப்பாட்டுக் கவலை. அங்கே 'மங்சவிரட்' என்றால் சைவம், ஆனால் முட்டை இருக்கலாம். 'ஜே' என்று மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தில் போட்டிருந்தால் முட்டை, மீன் சாறு எதுவும் இருக்காது. வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். சிலோம் பகுதியில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது, அதையும் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.