ஸ்கேனில் வெள்ளையாகத் தெரிவது மாங்கனீஸா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 58. மூன்று வருடமாக சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிக் கெட்டிப்படும் நோய்). மறதி அதிகமானதால் மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தோம். 'டி1 (எம்.ஆர்.ஐ.யில் ஒரு வகைப் படம்) படத்தில் இரண்டு பக்க குளோபஸ் பாலிடஸும் பளிச்சென்று உள்ளது' என்று எழுதியிருக்கிறார்கள். ரத்தத்தில் மாங்கனீஸ் லிட்டருக்கு 24 மைக்ரோகிராம். மூளை கெட்டுவிட்டதா? மாங்கனீஸை இறக்க மருந்து உண்டா?

பதில்: அந்த வெள்ளை, மூளை வெந்துபோன தழும்பு அல்ல. சிரோசிஸ் நோயாளிகள் பலருடைய படத்தில் இது இருக்கும். அவர்களில் நன்றாக நடமாடுகிறவர்களும் உண்டு.

சாப்பாட்டிலிருந்து குடல் உறிஞ்சும் மாங்கனீஸ் என்ற தாதுவை, கல்லீரல் பிடித்துப் பித்தநீரோடு வெளியே தள்ள வேண்டும். சிரோசிஸில் அந்த வேலை மந்தமாகிறது. போதாக்குறைக்கு, குடலிலிருந்து வரும் ரத்தத்தில் ஒரு பகுதி கல்லீரலுக்குள் நுழையாமலே குறுக்கு வழியில் உடம்புக்குள் போய்விடுகிறது. தேங்கும் மாங்கனீஸ் மூளையின் ஆழத்திலுள்ள குளோபஸ் பாலிடஸில் படிகிறது. அதற்குக் காந்தத் தன்மை இருப்பதால் டி1 படத்தில் வெள்ளையாகத் தெரியும். டி2 படத்தில் பெரும்பாலும் மாற்றம் இருக்காது. இதற்கு முன் காடோலினியம் ஊசி (படம் தெளிவாகத் தெரியப் போடும் மருந்து) போட்டுப் பலமுறை ஸ்கேன் எடுத்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அதுவும் அங்கே வெள்ளையாகக் காட்டலாம்.

24 என்பது கூடுதல்தான். முழு ரத்தத்தில் ஏறக்குறைய 4 முதல் 15 வரை இயல்பு என்பார்கள். ஆனால் மாங்கனீஸ் பெரும்பாலும் சிவப்பணுக்களுக்குள் இருக்கிறது. சீரத்தில் (ரத்த அணுக்களை நீக்கிய தெளிநீரில்) பார்த்த எண்ணை முழு ரத்த அளவோடு ஒப்பிடாதீர்கள். ரத்தம் எடுத்த ஊசி, குழாயிலிருந்தே கலப்படம் வந்து எண் ஏறுவதும் உண்டு. நான் இந்த ஒரு எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய மாட்டேன். மறதியும் குழப்பமும் எவ்வளவு தீவிரம் என்பதை அந்த எண்ணும் சொல்லாது, வெள்ளையும் சொல்லாது.

அதைவிட அப்பாவின் கையைப் பாருங்கள். இரு கைகளையும் நீட்டி, மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். கை, பறவை சிறகடிப்பதுபோல விட்டுவிட்டு விழுந்தால் அது கல்லீரல் சார்ந்த மூளைக் குழப்பமாக இருக்கலாம்; லாக்டுலோஸ், ரிஃபாக்ஸிமின் போன்ற மருந்துகளுக்குக் கேட்கக்கூடியது. மலச்சிக்கல், தொற்று, ரத்தக் கசிவு, தூக்க மாத்திரை ஆகியவற்றையும் தேட வேண்டும். கையெழுத்து சிறுத்துக்கொண்டே போவது, நடக்கும்போது கை வீசாமல் இருப்பது, திரும்பும்போது தடுமாறுவது என்றால் கதை வேறு. மாங்கனீஸ் படிவோடு தொடர்புள்ள, பார்க்கின்சன் (உடல் அசைவு மந்தமாகும் நரம்பு நோய்) போன்ற நிலையாக அது இருக்கலாம். நரம்பியல் டாக்டர் பார்க்கட்டும்.

மாங்கனீஸை வெளியேற்றும் மருந்து இதற்கு வழக்கமான சிகிச்சையாக நிலைபெறவில்லை. அப்பா சத்து மாத்திரை சாப்பிட்டால் அட்டையைத் திருப்பிப் படியுங்கள். மாங்கனீஸ் இருந்தால் டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள். இரும்புச்சத்து குறைந்தால் குடல் மாங்கனீஸை அதிகம் உறிஞ்சும், எனவே அதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பயந்துபோய் சாப்பாட்டை, குறிப்பாகப் புரதத்தைக் குறைத்துவிடாதீர்கள். சிரோசிஸில் தசை கரைவது பெரிய ஆபத்து.

கல்லீரல் மாற்று சிகிச்சைக்குப் பிறகு, பித்தநீர் ஒழுங்காக ஓடத் தொடங்கியதும் அந்த வெள்ளை பெரும்பாலும் மாதக்கணக்கில் மெல்ல மங்கிவிடும்.