சகலை குடும்பத்துக்கும் நான்தான் டிக்கெட் போடுகிறேன். கச்சேரிக்குப் போவதையே விட்டுவிடவா?

கேள்வி: கென்டக்கி மாநிலம் லூயிவில்லில் எச்1பி விசாவில் வேலை பார்க்கிறேன். பிடித்தம் எல்லாம் போக மாதம் 6,400 டாலர் கைக்கு வருகிறது. மனைவி எச்4, வேலைக்குப் போகவில்லை. கன்ட்ரி இசை என்றால் எனக்கு உயிர், அதிலும் வின்ஸ் கில். அவர் நாஷ்வில்லில் பாடுகிறார் என்று தெரிந்தால் சனிக்கிழமை காலை காரை எடுத்துவிடுவேன். முன்பெல்லாம் நானும் மனைவியும் மட்டும் போய் அன்று இரவே திரும்பிவிடுவோம். இரண்டு வருடமாக சின்சினாட்டியில் இருக்கும் சகலை குடும்பம், நான்கு பேர், சேர்ந்துகொள்கிறார்கள். போன தடவை அவருடைய நண்பரும் நண்பரின் மனைவியும் வந்தார்கள். டிக்கெட், ஹோட்டல் எல்லாம் என் கார்டில்தான். "நீ போட்டுடுப்பா, அப்புறம் கணக்குப் பார்த்துக்கலாம்" என்பார். பார்ப்பதே இல்லை. அமெரிக்கா வந்த புதிதில் மூன்று மாதம் அவர் வீட்டில் தங்கியிருந்தேன், அதனால் கேட்க வாய் வரவில்லை. இப்போது கார்டில் 9,800 டாலர் பாக்கி, வட்டி 24 சதவீதம். மாதம் 600 கட்டியும் பாக்கி குறையவே மாட்டேன் என்கிறது. 10,000 டாலர் பர்சனல் லோன் 16 சதவீதத்தில், ஐந்து வருடத்துக்குத் தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. வாங்கி அடைத்துவிடட்டுமா? சேமிப்பில் 4,000 இருக்கிறது. மூன்று மாதமாக கிரிப்டோவில் மாதம் 150 போடுகிறேன். கச்சேரிக்குப் போவதையே நிறுத்து என்கிறாள் மனைவி. வின்ஸ் கில்லுக்கோ எழுபது நெருங்குகிறது. இன்னும் எத்தனை வருடம் மேடையில் பார்க்க முடியுமோ என்று நினைத்தால் மனம் வரவில்லை.

பதில்: கச்சேரியை நிறுத்த வேண்டாம். லோனும் வாங்க வேண்டாம். நிறுத்த வேண்டியது வேறு ஒன்று. நீங்கள் அனுப்பிய கார்டு ஸ்டேட்மென்ட்டிலேயே அது பளிச்சென்று தெரிகிறது.

முதலில் உங்கள் கச்சேரிச் செலவை மட்டும் தனியே எடுப்போம். லூயிவில்லில் இருந்து நாஷ்வில் ஐ-65 நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 175 மைல். போக வர, ஊருக்குள் சுற்ற என்று 370 மைல் வைத்தாலும் பெட்ரோலுக்கு 40 டாலர் போதும். நீங்கள் வாங்கும் டிக்கெட் 85 டாலர், இருவருக்கு 170. டவுன்டவுனில் பார்க்கிங் 30. சாப்பாடு 70. ஆக மொத்தம் 310 டாலர். வருடத்துக்கு ஐந்து தடவை போனாலும் 1,550. மாதக் கணக்கில் 130. கைக்கு வரும் சம்பளத்தில் இது 2 சதவீதம். பிள்ளைகள் இல்லாத, வேறு பெரிய செலவு எதையும் எழுதாத ஒரு வீட்டில் இந்த 2 சதவீதம் யாரையும் கடனாளி ஆக்காது.

இனி போன பயணத்தைப் பாருங்கள். எட்டு டிக்கெட் 680. மூன்று ஹோட்டல் அறை 500. இரவுச் சாப்பாடு 340. டீ-ஷர்ட், தொப்பி 180. மொத்தம் 1,700 டாலர். இதில் உங்கள் இருவர் பங்கு 420 வரும். மிச்சம் 1,280 மற்றவர்களுடையது. வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பும் ஸெல் (Zelle) ஆப் மூலம் உங்களுக்குத் திரும்பி வந்தது 300. ஒரே சனிக்கிழமையில் 980 டாலர் உங்கள் கார்டில் தங்கிவிட்டது. மற்ற பயணங்களில் இது கொஞ்சம் குறைந்திருக்கும். சராசரியாக 900 என்று வைத்தாலும் வருடத்துக்கு ஐந்து பயணம், இரண்டு வருடம், 9,000 டாலர். உங்கள் பாக்கி 9,800. வின்ஸ் கில்லுக்கும் இந்தக் கடனுக்கும் சம்பந்தமே இல்லை.

அடுத்து, மாதம் 600 கட்டியும் ஏன் குறையவில்லை என்ற கேள்வி. சென்ற மாத ஸ்டேட்மென்ட்டில் இந்த நான்கு வரிகளைப் பாருங்கள்: 3-ஆம் தேதி 125, 10-ஆம் தேதி 85, 17-ஆம் தேதி மறுபடி 125, 24-ஆம் தேதி மறுபடி 85. 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' என்று ஆப்பில் வருகிற நான்கு தவணைத் திட்டம் இது. ஹோட்டல் 500-ஐ ஒரு திட்டத்திலும், கடைசி நேரத்தில் சேர்ந்த நான்கு டிக்கெட் 340-ஐ இன்னொரு திட்டத்திலும் போட்டிருக்கிறீர்கள். வட்டி கிடையாது என்றுதான் விளம்பரம். ஆனால் அந்தத் தவணை கழிவது உங்கள் கிரெடிட் கார்டில். கார்டிலோ ஏற்கெனவே பாக்கி நிற்கிறது. அப்படி நின்றால் புதிதாக விழும் ஒவ்வொரு டாலருக்கும் விழுந்த நாளிலிருந்தே 24 சதவீத வட்டி ஓடும். ஆக வட்டியில்லாத் தவணை என்று நீங்கள் நினைத்தது 24 சதவீதக் கடன். அந்த மாதம் தவணைகள் 420, வட்டி 196, கூட்டினால் 616. நீங்கள் கட்டியது 600. பாக்கி எப்படிக் குறையும்?

இந்தத் தவணை ஆப்களைப் பற்றி வாரம் ஒரு கடிதமாவது எனக்கு வருகிறது. நாலு பேருக்குச் செலவு செய்கிறோம் என்ற உணர்வையே மழுங்கடித்துவிடுவதுதான் இவற்றின் வேலை. 1,700 டாலர் என்று ஒரே தொகையாகக் கண்ணில் பட்டிருந்தால் அன்றே நீங்கள் சகலையிடம் பேசியிருப்பீர்கள். 85, 125 என்று வந்ததால் பேசவில்லை. இன்றைக்கே அந்த ஆப்பிலிருந்து கார்டை நீக்கிவிடுங்கள்.

லோன் விஷயம். 16 சதவீதம் 24-ஐ விடக் குறைவு என்று தோன்றும். நீங்கள் அனுப்பிய ஆஃபரில் சிறிய எழுத்தில் 5 சதவீதம் ஒரிஜினேஷன் ஃபீ, அதாவது கடன் தரும்போதே பிடித்துக்கொள்ளும் கட்டணம், இருக்கிறது. 10,000-க்குக் கையெழுத்துப் போட்டால் கைக்கு வருவது 9,500, கார்டை முழுதாக அடைக்கவே போதாது. ஐந்து வருடத் தவணை மாதம் 243 வரும். மொத்தம் கட்டுவது 14,600 டாலருக்குப் பக்கம். ஏறக்குறைய 5,100 டாலர் வட்டிக்கும் ஃபீக்கும் போகிறது. சீக்கிரமாகக் கட்டிவிடுவேன் என்பீர்கள். அதையும் போட்டுப் பார்த்தேன்: மாதம் 750 கட்டினால் லோனாக இருந்தாலும் கார்டாக இருந்தாலும் முடிவது பதினைந்து, பதினாறு மாதத்தில்தான், மொத்தச் செலவும் ஏறக்குறைய ஒன்றேதான். அந்த ஃபீ வட்டி லாபத்தை விழுங்கிவிடுகிறது. அதைவிடப் பெரிய ஆபத்து, கார்டு காலியானதும் அடுத்த கச்சேரிக்கு மறுபடி எட்டு டிக்கெட் அதில் விழும். அப்போது லோனும் இருக்கும், கார்டு பாக்கியும் இருக்கும்.

750 எங்கிருந்து வரும்? இப்போது கட்டும் 600, அதோடு கிரிப்டோவுக்குப் போகும் 150. கடனை அடைத்தால் 24 சதவீத வட்டி நிச்சயமாக மிச்சம். கிரிப்டோவில் என்ன வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. இதுவரை வாங்கிய 450 டாலரையும் விற்று, நிலுவையில் இருக்கும் தவணைகளை முடித்துவிடுங்கள்; ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். விற்றதை டாக்ஸ் ரிட்டர்னில் காட்ட மறக்காதீர்கள். இப்படிச் செய்தால் பாக்கி 9,800-லேயே நின்று, மாதம் 750 முழுதாக அதைக் கரைக்கும். மொத்த வட்டி 1,700 டாலருக்குள் முடிந்துவிடும்.

சேமிப்பில் இருக்கும் 4,000-ஐத் தொடாதீர்கள். 24 சதவீதக் கடனை வைத்துக்கொண்டு வங்கியில் பணத்தைப் போட்டு வைப்பதா என்று வேறு யாராக இருந்தாலும் நானே கேட்பேன். நீங்கள் எச்1பி. வேலை போனால் அடுத்த வேலை தேடவோ மூட்டை கட்டவோ அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். வீட்டில் இரண்டாவது சம்பளமும் இல்லை. அந்த 60 நாளைக்கு வாடகையும் கார் இன்ஷூரன்ஸும் கட்ட 4,000 போதாது. கார்டு முடிந்ததும் முதலில் பெருக்க வேண்டியது இதைத்தான்.

இனி சகலை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கேட்காத பணத்தை யாரும் தேடி வந்து கொடுப்பதில்லை. அதோடு நீங்கள் எவ்வளவு கட்டினீர்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை. பழைய பாக்கியைக் கிளறாதீர்கள். மூன்று மாதம் அவர் வீட்டில் உண்டு உறங்கியதற்கு அது ஈடாகிவிட்டது என்று உங்கள் மனதில் கணக்கை முடித்துக்கொள்ளுங்கள். நன்றிக்கடன் இனி பாக்கி இல்லை. கேட்க வேண்டியது போன பயணக் கணக்கை மட்டும், அதையும் தொகையோடு: டிக்கெட் இவ்வளவு, அறை இவ்வளவு, வந்தது 300, மீதி 980. டீ-ஷர்ட்டை உங்கள் அன்பளிப்பாக விட்டுவிட்டு 800 என்று கேட்டாலும் சரிதான். நண்பர் தம்பதியின் பங்கைத் தயங்காமல் கேளுங்கள். அவர்கள் வீட்டில் நீங்கள் தங்கியதில்லை.

அடுத்த பயணத்துக்கு முன் பேச வேண்டியது உங்கள் மனைவி, தன் அக்காவிடம். கச்சேரியை நிறுத்து என்று அவர் சொல்வதன் காரணம் எனக்குப் புரிகிறது: கச்சேரியை நிறுத்தினால் அக்கா வீட்டில் எதுவும் பேச வேண்டியதில்லை. ஆனால் தீபாவளிக்கும் பிறந்தநாளுக்கும் இதே எட்டுப் பேர் ஹோட்டலில் உட்காரும்போது பில் உங்கள் பக்கம்தான் வரும். "அக்கா, எங்களுக்குக் கார்டுல கடன் ஏறிடுச்சு, இனிமே டிக்கெட்டை அவங்கவங்க போட்டுக்கலாம்" என்று உடன்பிறந்தவள் சொன்னால் அது குடும்பப் பேச்சாக முடிந்துவிடும். அதே வாரத்தில் நீங்களும் சகலையைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்: "அண்ணா, லிங்க் அனுப்புறேன், உங்களுக்கு வேணும்கிற சீட்டை நீங்களே பார்த்துப் போட்டுக்கோங்க. சனிக்கிழமை காலைல டிஃபன் நம்ம வீட்ல." இட்லியும் பொங்கலும் எட்டுப் பேருக்குச் செய்தால் 40 டாலர்கூட ஆகாது, விருந்தோம்பலிலும் குறை இருக்காது. கட்டணங்கள் எல்லாம் சேர்த்த முழு விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்ற ஃபெடரல் விதி 2025 மே மாதத்திலிருந்து இசை நிகழ்ச்சி டிக்கெட்டுகளுக்கு இருக்கிறது. எனவே லிங்க்கைத் திறந்ததும் அவருக்கும் உண்மைத் தொகை தெரியும்.

அப்படியும் "நீயே போட்டுடுப்பா" என்றால், பணம் வந்த பிறகு போடுங்கள். அதற்குள் டிக்கெட் தீர்ந்துவிடுமே என்ற பயம்தான் உங்களை இழுத்துக்கொண்டு போகிறது. அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லை. நீங்கள் பெரும்பாலும் போவது கிராண்ட் ஓல் ஆப்ரிக்கு. 1925-இல் வானொலி நிகழ்ச்சியாகத் தொடங்கி இன்றும் வாராவாரம் நடப்பது அது. அரங்கில் 4,400 இருக்கைகள். வின்ஸ் கில் 1991-லிருந்து அதன் உறுப்பினர், வருடத்தில் பல முறை அந்த மேடை ஏறுகிறவர். ஊர் ஊராகப் போகும் ஸ்டேடியம் கச்சேரி போல 'இப்போது விட்டால் எப்போது' என்ற நிலை இங்கே கிடையாது. முன்வரிசை, மேடைக்குப் பின்னால் சுற்றிக் காட்டுவது என்று விற்கும் விஐபி பேக்கேஜும் வேண்டாம். ஒரு நிகழ்ச்சியில் ஏழெட்டுக் கலைஞர்கள் வந்து ஆளுக்கு இரண்டு மூன்று பாட்டுப் பாடிப் போகும் மேடை அது. அவர் பாடுவதைக் கேட்க எந்த வரிசையும் போதும். போக முடியாத சனிக்கிழமைகளில் டபிள்யூஎஸ்எம் 650 ஏஎம்-ஐத் திருப்புங்கள். 50,000 வாட் வானொலி நிலையம், இரவில் உங்கள் ஊர்வரை வரும். ஆப்ரி நேரடியாக, இலவசமாக. நிகழ்ச்சிக்கு முன் பொழுதுபோக வேண்டுமா? நாஷ்வில் டவுன்டவுனின் லோயர் பிராட்வே தெருவில் நுழைவுக் கட்டணம் இல்லாமலே மதியத்திலிருந்து பாட்டு நடக்கும். பாடுகிறவர்களின் உண்டியலில் 10 டாலர் போடுங்கள், அவர்களுக்கு அதுதான் வருமானம்.

ஹோட்டலும் தேவைப்படாது. நாஷ்வில் மத்திய நேரம், லூயிவில் கிழக்கு நேரம். போகும்போது கிடைக்கும் ஒரு மணி நேரம் வரும்போது போய்விடும். ஏழு மணிக்குத் தொடங்கும் ஆப்ரி ஒன்பதே காலுக்கு முடிந்தால் உங்கள் ஊர் கடிகாரத்தில் ஒரு மணிவாக்கில் வீடு சேரலாம். மறுநாள் ஞாயிறு. மனைவி பாதி தூரம் ஓட்டட்டும். கண் சொக்கினால் மட்டும் பிடிவாதம் வேண்டாம், பவுலிங் கிரீனில் ஒரு மோட்டலில் படுத்துவிட்டு வாருங்கள். நாஷ்வில் டவுன்டவுன் அறையை விட வாடகை குறைவு.

வின்ஸ் கில் பள்ளி முடித்த கையோடு 1975-இல் கன்ட்ரியோடு ஒட்டிய புளூகிராஸ் இசை வாசிக்க வந்து சேர்ந்தது உங்கள் லூயிவில்லுக்குத்தான். அந்த ஊரிலேயே இருந்துகொண்டு, மாதம் 130 டாலருக்கு வழி இருந்தும், சகலையிடம் பேசத் தயங்கி அவரைப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பழைய கார்டு பாக்கியைத் தன் பக்கம் மாற்றிக்கொண்டு பதினைந்து, பதினெட்டு மாதம் வட்டியில்லாமல் தரும் பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் கார்டைப் பற்றி யாராவது உங்களிடம் சொல்வார்கள். 3 முதல் 5 சதவீதம் கட்டணம். உங்கள் கணக்குக்கு அது உண்மையிலேயே பொருந்தும். ஆனாலும் இப்போது வேண்டாம். மூன்று மாதம் 750 கட்டுங்கள், பாக்கி 8,100-க்கு இறங்கும். அந்த மூன்று ஸ்டேட்மென்ட்டிலும் மற்றவர்களின் டிக்கெட் ஒன்றுகூட இல்லையென்றால் எனக்கு அனுப்புங்கள். அப்போது மாற்றினாலும் 800 டாலர் அளவுக்கு வட்டி மிச்சமாகும். எந்தக் கார்டு என்று சேர்ந்தே பார்ப்போம்.