நவீன தத்துவத்தில் 'நான்' பற்றிப் படிக்க எங்கே தொடங்குவது?

டெகார்ட்டில் தொடங்கி வரிசையாகப் படிக்கவேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் யோசனை, ஜான் லாக்கில் தொடங்குங்கள். பிரெஞ்சுத் தத்துவவாதி டெகார்ட் 1641-இல் சொன்னது சுருக்கமானதுதான்: எதைச் சந்தேகித்தாலும் சந்தேகிக்கிற நான் இருக்கிறேன், அந்த நான் உடல் அல்ல, சிந்திக்கும் பொருள்.

சரி, அந்தப் பொருள் நேற்றும் இன்றும் ஒன்றேதான் என்று எப்படித் தெரியும்? லாக் அங்கேதான் கைவைக்கிறார். 'An Essay Concerning Human Understanding' என்ற தன் நூலின் 2-ஆம் பதிப்பில் (1694) சேர்த்த அத்தியாயத்தில், ஓர் இளவரசனின் ஆன்மா பழைய நினைவுகளோடு ஒரு செருப்புத் தைப்பவனின் உடலுக்குள் கூடுவிட்டுக் கூடு பாய்கிறது. ஊராருக்கு அவன் அதே செருப்புத் தைப்பவன். ஆனால் இளவரசன் செய்தவற்றுக்கு அவன்தான் பொறுப்பு என்கிறார் லாக். மனிதன் (ஊரார் காணும் இந்த உடல்) வேறு, ஆள் (person, தன் நினைவால் தொடர்கிறவன்) வேறு. செய்தவற்றுக்குப் பொறுப்பேற்கிறவன் என்பதால், 'ஆள்' அவருக்குக் கிட்டத்தட்ட ஒரு சட்டச் சொல். இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள்.

அப்புறம் ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம், 'A Treatise of Human Nature', 1739. உள்ளே தேடினால் சூடு, குளிர், அன்பு, வெறுப்பு என ஏதாவதுதான் அகப்படுகிறது, 'நான்' அகப்படவில்லை என்றார். அடுத்த ஆண்டே, பிற்சேர்க்கையில், தன் விளக்கம் தனக்கே திருப்தி தரவில்லை என்று ஒப்புக்கொண்டார். அந்தச் சில பக்கங்களை மட்டும் விட்டுவிடாதீர்கள்.