யோசெமிட்டியில் கூடாரம்: காரில் சாப்பாடு இருக்கவே கூடாது

கேள்வி: ஜூலை கடைசியில் இரண்டு குழந்தைகளுடன் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள யோசெமிட்டி தேசியப் பூங்காவின் பள்ளத்தாக்கில் மூன்று இரவு கூடாரம் போட்டுத் தங்கலாம் என்றிருக்கிறோம். இடம் எப்படிப் பிடிப்பது? கரடி வரும் என்கிறார்களே, சாப்பாட்டைக் காரில் வைத்துப் பூட்டினால் போதாதா?

பதில்: போதாது. இருட்டிய பிறகு காரில் உணவு வைப்பதற்குப் பூங்கா விதியே இடம் தருவதில்லை. அங்குள்ள கருங்கரடிக்கு மோப்ப சக்தி அபாரம். கதவின் மேல் விளிம்பில் நகத்தை மாட்டி அப்படியே வளைத்துவிடும்.

ஒவ்வொரு முகாம் இடத்திலும் உணவு வைக்க ஓர் இரும்புப் பெட்டி உண்டு. பொதுவாக 45 அங்குல அகலம், 33 அங்குல ஆழம், 18 அங்குல உயரம். உயரம்தான் சிக்கல், பெரிய கூலர் (உணவு கெடாமல் எடுத்துப்போகும் ஐஸ் பெட்டி) பல நேரம் உள்ளே நுழையாது. கிளம்புமுன் உங்கள் கூலரை அளந்துவிடுங்கள். உணவு மட்டுமல்ல, வாசனை உள்ள எல்லாமே பெட்டிக்குள் போக வேண்டும்: பற்பசை, சோப்பு, சன்ஸ்கிரீன், ஈரத் துடைப்பான், குப்பைப் பை, மூடி திறக்காத டின்கள்கூட. குழந்தை இருக்கையின் இடுக்கில் கிடக்கும் பிஸ்கட் தூளைப் பலர் மறந்துவிடுகிறார்கள், அதையும் துடைத்தெடுங்கள். பொருளை எடுத்ததும் உடனே பெட்டியைத் தாழிடுங்கள். நீங்கள் அடுப்பைப் பார்த்துத் திரும்பியிருக்கும் அரை நிமிடம் கரடிக்குப் போதும். முகாமுக்குள் கரடி வந்தால், குழந்தைகளைப் பக்கத்தில் சேர்த்துக்கொண்டு எல்லோரும் உரக்கக் கத்துங்கள். மனிதச் சாப்பாட்டுக்குப் பழகிய கரடியைக் கடைசியில் கொல்ல வேண்டி வரலாம் என்பதால், இந்த ஒழுங்கு அதன் உயிருக்கும் காவல்.

முன்பதிவுக்கு ரிக்ரியேஷன் டாட் கவ் (Recreation.gov) இணையதளம். ஜூலை 15 முதல் ஆகஸ்ட் 14 வரையிலான நாட்களுக்கு மார்ச் 15 அன்று, பசிபிக் நேரம் காலை 7 மணிக்குத் திறக்கும். சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். முன்கூட்டியே கணக்குத் திறந்து, அப்பர் பைன்ஸ், லோயர் பைன்ஸ் ஆகிய இரண்டு பள்ளத்தாக்கு முகாம்களிலும் பிடித்த இட எண்களைக் குறித்துக்கொண்டு உட்காருங்கள். கிடைக்காவிட்டால் ரத்தாகும் இடங்களுக்காகத் தினமும் பாருங்கள். ஓர் இடத்தில் குழந்தைகளையும் சேர்த்து 6 பேர்தான் தங்கலாம்.

கோடையில் பள்ளத்தாக்கு முகாம்களில் மாலை 5 முதல் இரவு 10 வரை மட்டுமே விறகுத் தீ மூட்டலாம். காலைச் சமையலுக்கு கேஸ் அடுப்பு அவசியம். பள்ளத்தாக்குக்குள் பெட்ரோல் கிடைக்காது, நுழையுமுன் நிரப்பிக்கொள்ளுங்கள். உள்ளே சுற்ற இலவசப் பேருந்து இருக்கிறது, காரை முகாமிலேயே விட்டுவிடலாம்.

குழந்தைகளோடு போகிறவர்கள் கரடியைவிட ஆற்றுக்குத்தான் அதிகம் அஞ்ச வேண்டும். பள்ளத்தாக்கின் ஊடே செல்லும் மெர்செட் ஆற்றில் ஓடுவது பனி உருகிய நீர். மேலே அமைதியாகத் தெரிந்தாலும் இழுப்பும் குளிரும் கடுமை. வெர்னல் அருவிக்குப் போகும் மிஸ்ட் பாதையில் கிரானைட் படிகள் சாரலில் நனைந்து வழுக்கும். பிடிப்பான காலணி போடுங்கள், குழந்தையின் கையை விடாதீர்கள். அருவிக்கு மேற்புறமுள்ள நீரில் முகம் கழுவக்கூட இறங்க வேண்டாம்.