முற்றத்து மரத்தை வெட்டலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீட்டுச் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி ஒரு முதிர்ந்த மரம் நிற்கிறது. அடிமரத்தில் பொந்து விழுந்திருக்கிறது; மரமும் சற்றுச் சாய்ந்திருக்கிறது. அடுத்த பெருங்காற்றுக்குள் வெட்டிவிடுவதுதான் நல்லது என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: பொந்து, சாய்வு என்ற இரண்டை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். மரத்தின் உயிர் வெளிவட்டத்தில் இருக்கிறது. பட்டையின் உட்புறம் உணவையும், அதையடுத்த சாற்றுக்கட்டை நீரையும் கடத்துகின்றன. நடுவில் உள்ள வைரக்கட்டை மரத்தைத் தாங்கி நிற்க உதவுமே தவிர நீரைக் கடத்துவதில்லை. எனவே அது உளுத்துப்போன பின்னும் மரம் பல ஆண்டுகள் தழைத்திருக்க முடியும். பொந்தைச் சுற்றிலும் அடிமரத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத அளவு நல்ல கட்டை இருந்தால் வலிமை பெரிதும் குறையாது என்பது மர வல்லுநர்கள் கையாளும் தோராயக் கணக்கு. 60 செ.மீ. விட்டமுள்ள அடிமரத்தில் அது 10 செ.மீ. ஆகும். பொந்தின் வாய் ஒரு பக்கம் அகலமாகத் திறந்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. மரச்சுத்தியலால் பட்டையின் மேல் சுற்றிலும் தட்டிப் பார்த்தால், கெட்டியான இடமும் உள்ளே வெற்றிடமான இடமும் ஓசையிலேயே ஓரளவு பிரிந்து தெரியும்.

சாய்விலும் பழையது, புதியது என்ற வேறுபாடு உண்டு. இளமையிலேயே சாய்ந்து வளர்ந்த மரத்தின் மேற்பகுதி வளைந்து மீண்டும் வானை நோக்கி நிமிர்ந்திருக்கும். வேர்களும் அந்தச் சாய்வுக்கு ஏற்பத் தடித்திருக்கும். அண்மையில் சாய்ந்த மரம் அடி முதல் நுனி வரை ஒரே கோடாகச் சரிந்திருக்கும். அதன் சாய்வுக்கு எதிர்ப்பக்கத்தில் மண் வெடித்தோ மேடாக எழும்பியோ இருந்தால், வேர் பிடிமானத்தை இழந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட மரத்தைப் பெருங்காற்று வரை விட்டுவைக்கக் கூடாது. ஆட்களை வரவழைக்கும் வரை அதன் கீழ் யாரும் நடமாடவும் கூடாது.

பொந்தைவிட நான் அதிகம் அஞ்சுவது, மண்ணை ஒட்டிய அடிப்பகுதியில் தட்டுத்தட்டாக முளைக்கும் காளான்களைத்தான். வேரோ அடிக்கட்டையோ அழுகிக்கொண்டிருப்பதற்கு அவை பெரும்பாலும் அறிகுறி. மேலே இலைகள் பச்சைப்பசேலென்று இருப்பதைப் பார்த்து நிம்மதி கொள்ள முடியாது. முதிர்ந்த மரங்களின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் முதல் 60 செ.மீ. ஆழத்துக்குள் பரவுவதால், குழாய் பதிக்கவோ சுற்றுச்சுவர் எழுப்பவோ அண்மையில் பள்ளம் தோண்டப்பட்டதா என்பதையும் நினைவுபடுத்திப் பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் மர வல்லுநர் ஒருவரை அழைத்து அடிமரத்தையும் வேரையும் சோதிக்கச் சொல்லுங்கள். வெட்டத்தான் வேண்டும் என்றால், உள்ளாட்சி அமைப்பின் அனுமதி தேவையா என்பதையும் கிளைகளில் பறவைக் கூடுகள் உள்ளனவா என்பதையும் முன்னதாகவே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: சுவரில் விரிசல் கண்டிருக்கிறது, கழிவுநீர்க் குழாயிலும் வேர் புகுந்திருக்கிறது. மரத்தை எடுத்துவிட்டால் இரண்டும் தீருமா?

பதில்: குழாயைப் பொறுத்தவரை, பழுதில்லாத குழாயை வேர் பொதுவாகத் துளைப்பதில்லை. இணைப்பில் ஏற்கெனவே கசிவு இருந்து, அந்த ஈரத்தை நாடித்தான் அது உள்ளே நுழைகிறது. எனவே முதலில் குழாயைச் சரிசெய்யுங்கள்.

சுவர் விரிசலுக்கு உங்கள் மண்ணைப் பார்க்க வேண்டும். களிமண் நீர் வற்றும்போது சுருங்கும், நீர் ஏறும்போது உப்பும். பெரிய மரம் வறண்ட நாட்களில் மண்ணின் ஈரத்தை உறிஞ்சுவதால் கடைக்காலின் கீழ் மண் சுருங்கி விரிசல் விழலாம். ஆனால் மரத்தை வெட்டிய பின் அதே மண் சில ஆண்டுகளில் மெல்ல மெல்ல ஈரம் ஏறி உப்பி, கடைக்காலை மேல்நோக்கித் தள்ளக்கூடும். வீடு கட்டுவதற்கு முன்பே நின்ற மரம் என்றால் இந்த ஆபத்து கூடுதல், ஏனெனில் அது வற்றச்செய்த மண்ணின் மீதுதான் வீடே எழுந்திருக்கிறது. களிமண் நிலத்தில் கட்டுமானப் பொறியாளர் பார்வையிடாமல் மரத்தில் கை வைக்க வேண்டாம்.

கேள்வி: முழுதாக வெட்ட மனமில்லை. உச்சியை மட்டும் மொட்டையடித்துவிட்டால் போதாதா?

பதில்: முழுதாக வெட்டுவதைவிட மோசமான முடிவு அது. மொட்டையடித்த இடத்தில் கொத்தாகத் துளிர்க்கும் கிளைகள் மேற்கட்டையில் மட்டுமே ஒட்டியிருப்பதால் சில ஆண்டுகளில் கனம் தாங்காமல் ஒடிகின்றன. பெரிய வெட்டுவாய் வழியாக அழுகலும் இறங்குகிறது. நீண்ட கிளைகளைத் தக்க பக்கக்கிளை வரை குறைத்துக் கவாத்து செய்யலாம். ஒரு முறையில் இலைப்பரப்பில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் நீக்கக் கூடாது. கனமான கிளையை முதலில் கீழிருந்து சிறிது அறுத்து, பிறகு சற்றுத் தள்ளி மேலிருந்து வெட்டி வீழ்த்தி, எஞ்சிய துண்டைக் கிளையடியின் புடைப்புக்கு வெளியே அறுத்தால் பட்டை கிழியாது. இலைக்குப்பை ஒன்றுதான் குறை என்றால் துடைப்பமே போதும்.

கேள்வி: நாங்களே ரம்பம் கொண்டு வெட்டலாமா? அடிக்கட்டையை என்ன செய்வது?

பதில்: வேண்டாம். வீட்டுக்கும் மரத்துக்கும் உள்ள தொலைவு மரத்தின் உயரத்தைவிடக் குறைவு என்றால், பொதுவாக உச்சியிலிருந்து துண்டு துண்டாக அறுத்துக் கயிற்றில் இறக்க வேண்டியிருக்கும். சாய்ந்த மரத்தைத் தவறாக அறுத்தால் பாதி வெட்டும்போதே அடிமரம் நெடுக்காகப் பிளந்து, வெட்டுபவர் மீதே எகிறி அடிக்கக்கூடும்.

அடிக்கட்டையை அரைக்கும் எந்திரத்தால் தரைமட்டத்துக்குக் கீழே அரைத்துவிடலாம். வேர்கள் உள்ளேயே மட்கும்போது மண் தாழும் என்பதால், அந்த இடத்தில் உடனே தளம் போட வேண்டாம். துளிர்ப்பதைத் தடுக்க அடிக்கட்டையில் மருந்து தடவுவதாக இருந்தால், அருகில் அதே இன மரம் நிற்கிறதா என்று பாருங்கள். ஓரின மரங்களின் வேர்கள் மண்ணுக்குள் ஒட்டிக்கொள்வது உண்டு. அந்த வழியாக மருந்து சென்று, வைத்திருக்க நினைத்த மரமும் பட்டுப்போகலாம்.